இடது பக்கக் கண்ணாடி

மே 11, 2025, ஞாயிறு

பிள்ளையார்பட்டியில் கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது, குன்றக்குடி தாண்டியதும் கோடை மழை பிடித்துக்கொண்டது. காரின் முன்சீட்டில் ஆத்தா (அம்மா). ஏசி காற்று ஒத்துக்கொள்ளாது என்பதால் அந்தப் பக்க ஜன்னல் கண்ணாடி எப்போதும் இறங்கியேதான் இருக்கும். சுவிட்சை அழுத்தினேன். பாதிக்கு மேல் ஏறியது, முனகியது, நான்கு விரல் இடைவெளி விட்டு நின்றுவிட்டது. பள்ளத்தூர் வரும்வரை ஆத்தா துண்டை மடித்து அந்தச் சந்தில் பிடித்துக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் கழித்து அழுத்திப் பார்த்தால், மெதுவாக ஏறி மூடிக்கொண்டது.

அப்பச்சி (அப்பா) 2004-ல் வாங்கிய கார் இது. அப்பச்சி போன பிறகும் விற்க மனம் வரவில்லை. சரி செய்தே ஆகவேண்டும்.

மே 12, திங்கள்

காரைக்குடியில் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் காட்டினேன். "மோட்டார் வீக் ஆயிருச்சுண்ணே, மெஷினோட சேத்து மாத்திரலாம்" என்றார். மெஷின் என்று அவர் சொல்வது கண்ணாடியை ஏற்றி இறக்கும் அமைப்பு முழுவதையும்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. மோட்டார் வீக் என்றால் அரை மணி நேர ஓய்வில் எப்படிச் சரியாகும்? இந்த மோட்டார்களில் பெரும்பாலும் சூடு கண்டு மின்சாரத்தை நிறுத்தும் சிறு பாதுகாப்பு உள்ளேயே இருக்கும். கண்ணாடி எங்காவது இறுகினால் மோட்டார் திணறும், திணறினால் அதிக ஆம்பியர் இழுக்கும், சூடாகும், பாதுகாப்பு துண்டித்துவிடும். ஆறினால் மறுபடி ஓடும். அப்படியானால் மோட்டார் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை திறந்து பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மே 14, புதன்

இரவில் ஒரு சின்னச் சோதனை. காருக்குள் கூரை விளக்கைப் போட்டுவிட்டுச் சுவிட்சை அழுத்தினேன். கண்ணாடி நின்ற இடத்திலும் விளக்கு லேசாக மங்கியது. மோட்டார் வரை மின்சாரம் போகிறது, எதையோ எதிர்த்துத் தள்ளுகிறது என்று அர்த்தம். விளக்கு மங்காமலே இருந்திருந்தால் ஒயரையோ சுவிட்சையோதான் முதலில் தேடியிருப்பேன்.

மற்ற மூன்று கண்ணாடிகளும் ஏற நாலு நொடி, ஐந்து நொடி. இது பதினொரு நொடி, அதுவும் காலைக் குளிர்ச்சியில்.

மே 18, ஞாயிறு

காலை ஆறரைக்கே ஆரம்பித்தேன். பின்கட்டு வாசல் தெருவில் எட்டு மணிவரை நிழல் இருக்கும். மகள் டார்ச் பிடித்தாள்.

கதவின் உள்பக்க அட்டையான டோர் பேடைக் கழற்றுவது பொறுமையான வேலை. கைப்பிடிக் குழிக்குள் இரண்டு ஸ்குரூ, உள்கைப்பிடிக்குப் பின்னால் ஒன்று. அப்புறம் சுற்றிலும் பிளாஸ்டிக் கிளிப். பட்டிக் கத்தியில் துணி சுற்றி, கிளிப்புக்குப் பக்கத்திலேயே நெம்ப வேண்டும். தூரத்திலிருந்து இழுத்தால் அட்டைதான் கிழியும். உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழிக்காமல் மடித்து வைத்தேன். மழைத் தண்ணீர் கதவுக்குள் இறங்கி அடித்துளை வழியே வெளியேறும். அது காருக்குள் வராமல் தடுப்பது அந்தத் தாள்தான்.

முதலில் மின்சாரம். பேட்டரியில் 12.4 வோல்ட். மோட்டாருக்கு ஒயர் சேரும் கப்ளரில், சுவிட்சை அழுத்தி மோட்டார் ஓடும்போதே அளந்தால் 8.7. ஓடாதபோது அளந்தால் பேட்டரியில் இருப்பது அப்படியே காட்டி ஏமாற்றிவிடும். சுமை ஏறும்போதுதான் குறை தெரியும்.

அடுத்து, கண்ணாடியை மெஷினோடு பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டைக் கழற்றினேன். அதற்கு முன் கண்ணாடி கீழே விழாமல் டேப் ஒட்டிக்கொண்டேன், பேட்டரி நெகட்டிவையும் எடுத்துவிட்டேன். கை உள்ளே இருக்கும்போது மெஷின் அசைந்தால் விரல் போய்விடும். கழற்றியபின் கையை வெளியே எடுத்து, பேட்டரியை மாட்டி, மெஷினை மட்டும் ஓட்டினேன். வெண்ணெய் மாதிரி ஓடியது. கண்ணாடியைக் கையால் ஏற்றினால் இரண்டு உள்ளங்கையும் வைத்துத் தள்ள வேண்டியிருந்தது. ஆக, இறுக்கம் கண்ணாடி வழுக்கி ஏறும் இரண்டு ஓரத்துச் சேனல் ரப்பரில்.

ரப்பரை உருவி எடுத்தபோது மனம் கனத்துப்போனது. உள்ளே செம்மண் பசை. எங்கள் பக்கத்துச் செம்மண் மாவு மாதிரி எங்கும் நுழையும், ஆனால் வெறும் புழுதி இப்படிக் களியாகாது. முகர்ந்தால் சிக்கு வாடை. ஆத்தாவிடம் கேட்டேன். "ஒங்க அப்பச்சிதான் சத்தம் கேக்குதுன்னு தேங்காயெண்ணெய் தடவுவாக" என்றார். ஆத்தங்குடித் தரைக்கல்லைத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைக்கும் வீட்டில் வளர்ந்தவர் கையில் அது வந்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் சேனல் ரப்பரில் எண்ணெயும் வேண்டாம், கிரீஸும் வேண்டாம். இரண்டும் மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பெட்ரோலிய கிரீஸ் ரப்பரையே ஊதவைத்துக் கெடுக்கும்.

சோப்புத் தண்ணீரில் பழைய டூத்பிரஷ் வைத்துத் தேய்த்தேன். மூன்று வாளி தண்ணீர் சிவந்தது. ரப்பர் வளவு (உள்முற்றம்) நிழலில் காய்கிறது.

மே 19, திங்கள்

வோல்ட் எங்கே குறைகிறது என்று பார்க்க மாலை சுவிட்சுகளைத் திறந்தேன். இந்தக் காரில் இடது கதவு மோட்டாரின் இரண்டு முனைகளும் ஓய்வில் எர்த்தில் இருக்கும். அழுத்தும்போது ஒரு முனைக்கு மட்டும் பேட்டரி மின்சாரம் வரும், இன்னொரு முனையின் எர்த் டிரைவர் பக்கத்து மெயின் சுவிட்சின் வழியாகத்தான் திரும்பும். அதனால் இடது கதவின் நோய்க்கு வலது கதவில் மருந்து இருக்கலாம். மெயின் சுவிட்சின் தொடுமுனைகள் கரிபிடித்துக் கறுத்திருந்தன. கப்ளர் பின் ஒன்றில் பச்சைக் களிம்பு. உலோக அரிப்பை ஆராயும் சிக்ரியின் வாசலை வேலைக்குப் போகும்போது தினமும் கடக்கிறேன். 1948-ல் அடிக்கல் நாட்டிய நிறுவனம் அது. செம்பு பச்சையாவதை இவ்வளவு கிட்டத்தில் பார்ப்பது இப்போதுதான்.

உப்புத்தாள் போடவில்லை, மேல்பூச்சு போய்விடும். காண்டாக்ட் கிளீனரை அடித்து, தடித்த காகிதத் துண்டைத் தொடுமுனைகளின் நடுவே விட்டு இழுத்து இழுத்துத் துடைத்தேன்.

மே 20, செவ்வாய்

எல்லாம் மாட்டியாயிற்று. ரப்பரில் சிலிக்கான் ஸ்பிரே, மெஷின் தடத்தில் மட்டும் வெள்ளை லித்தியம் கிரீஸ். மோட்டார் ஓடும்போது 11.3 வோல்ட். இறுக்கமும் கரியும் ஒன்றையொன்று வளர்த்திருக்கின்றன: இறுகினால் ஆம்பியர் ஏறும், ஆம்பியர் ஏறினால் கரிபிடித்த முனையில் வோல்ட் விழும், வோல்ட் விழுந்தால் மோட்டார் மேலும் திணறும். மோட்டாரை மட்டும் மாற்றியிருந்தால் புதியதும் இதே சேற்றில்தான் இறங்கியிருக்கும்.

எலக்ட்ரீஷியனிடம் பழைய ரப்பரிலிருந்து வழித்த பசையைக் காட்டினேன். வாங்கி விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, இனி முதலில் சேனலைத்தான் பார்க்கப்போவதாகச் சொன்னார்.

மே 25, ஞாயிறு

நடு மதியம், கத்திரி வெயில். கோட்டையூர் போய் வந்தோம். ஏற நாலரை நொடி. ஆத்தா ஏற்றினார், இறக்கினார், மறுபடி ஏற்றினார். பின் ஓரத்து ரப்பரின் மேல்மூலை மட்டும் வெடித்திருக்கிறது, புதியது சொல்லி வைத்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு வலது பின்கதவு. அதிலும் அப்பச்சி எண்ணெய் தடவியிருப்பார்.