படகில் ஏறுமுன் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்துப் பார்க்கணும்

காரைக்குடிக்காரர்களுக்குப் படகு என்பது விடுமுறைச் சமாசாரம். தேவகோட்டை வழியாகத் தொண்டிப் பக்கம் போய், காரங்காட்டு அலையாத்திக் காட்டில் ஒரு சுற்று. இல்லையென்றால் கொடைக்கானல், தேக்கடி. பர்மாவுக்குக் கப்பலேறிய வம்சம் என்று கல்யாண வீடுகளில் பெருமை பேசுவோம். எங்கள் வீட்டில் நீச்சல் தெரிந்தவர் ஆயா மட்டும்தான், அதுவும் கண்மாயில் பழகியது.

அதனால் படகில் ஏறுமுன் நான் பார்ப்பது லைஃப் ஜாக்கெட்டைத்தான். பக்கிள் உடைந்து நாடாவால் முடிச்சுப் போட்டது, உள்ளே ஃபோம் நொறுங்கிப்போனது, இதெல்லாம் கணக்கில் சேராது. மாட்டி இறுக்கியதும் பிள்ளையிடம் கைகளைத் தூக்கச் சொல்லி, தோள்பட்டையில் பிடித்து மேலே இழுப்பேன். தாடையைத் தாண்டிக் காதுவரை வந்தால் அளவு சரியில்லை. தண்ணீரில் விழுந்தால் ஜாக்கெட் மிதக்கும், பிள்ளை நழுவிவிடும்.

"பெரிய ஜாக்கெட்டையே இறுக்கிக் கட்டிடலாம்" என்பார்கள். கூடாது. குழந்தை ஜாக்கெட் எடைக் கணக்கில் வருவது, லேபிளில் கிலோ போட்டிருக்கும். கால்களுக்கு நடுவே போகும் பட்டையும் இருந்தால்தான் மேலே ஏறாது. அண்ணன் மகனுக்குச் சொந்தமாகவே ஒன்று வாங்கிவிட்டோம். கார் டிக்கியில் முறுக்கு டப்பாவுக்குப் பக்கத்தில் கிடக்கும்.

அதே லேபிளில் 50, 100, 150 என்று ஒரு எண்ணும் இருக்கும். மிதக்க வைக்கும் விசை, நியூட்டன் கணக்கு. 50 நீந்தத் தெரிந்தவர்களுக்கு, கரையோரத்தில். 100 அலையில்லாத நீருக்கு. 150 கடலுக்கு, மயங்கியவரையும் பெரும்பாலும் முகம் மேலாகத் திருப்பிவிடும்.

புடவை கட்டியவர்கள் முந்தானையை இடுப்பில் செருகிவிட்டு அதன்மேல் ஜாக்கெட் போட வேண்டும். எங்கள் அண்ணமிண்டிக்கு, அதாவது அண்ணன் மனைவிக்கு, இதில் வருத்தம். "போட்டோவுல சேலையே தெரியலையே!" தெரியாவிட்டால் போகிறது.

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ஜலகன்யகா என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அந்தச் செய்தி எங்கள் வீட்டில் இன்னும் பேச்சில் வரும். யானையோ பறவையோ தென்பட்டால் எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து போகக் கூடாது என்று பிள்ளைகளிடம் ஏறும்போதே சொல்லிவிடுவோம்.

மற்றவை ஒரு பார்வையிலேயே முடிந்துவிடும். கயிறு கட்டிய மிதவை வளையம், மோட்டார் படகென்றால் தீயணைப்பான், ஜாக்கெட்டில் ஒரு விசில். விரைவுப் படகில் ஓட்டுபவர் எஞ்சினை நிறுத்தும் கயிற்றை உடம்போடு மாட்டியிருக்க வேண்டும். அவர் விழுந்தால் எஞ்சினும் நின்றுவிடும். போனைத் தண்ணீர் புகாத உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்வேன். கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554 அதில் இருக்கிறது.

ஓரிடத்தில் படகுக்காரர், "இடுப்பளவு தண்ணிதான் ஆச்சி, ஜாக்கெட்டெல்லாம் எதுக்கு?" என்றார். என் இடுப்பளவு அண்ணன் மகனுக்குத் தலைக்கு மேல். டிக்கெட் காசைத் திருப்பித் தரவில்லை. நாங்கள் ஏறவுமில்லை.