மே மாதத்தில் எந்த மலைக்குப் போவது?

திருச்சியில் குடியிருப்பவர்களுக்குக் கோடை என்பது ஏப்ரல் பாதியிலேயே வந்துவிடுகிறது. மாடித் தொட்டியின் தண்ணீர் மாலை ஆறு மணிக்கும் கை வைக்க முடியாத சூட்டில் குழாய் வழியாக இறங்கும். சுவர்கள் பகலெல்லாம் குடித்த வெயிலை நள்ளிரவு வரை வீட்டுக்குள் கக்கிக்கொண்டிருக்கும். மே 4 வாக்கில் அக்கினி நட்சத்திரம் பிறந்துவிட்டால், "எங்கேயாவது மலைக்குப் போகலாமே" என்று வீட்டில் யாராவது ஒருவர் தொடங்கிவைப்பார்கள். அந்தப் பேச்சை ஊராகவும் தேதியாகவும் அறையாகவும் மாற்றும் வேலை கடந்த சில ஆண்டுகளாக என் தலையில்தான் விழுகிறது. ஒவ்வோர் ஆண்டும் ஏதோ ஒரு தவறு செய்து, அதில் ஏதோ ஒன்றைத் தெரிந்துகொண்டு திரும்பியிருக்கிறேன்.

எங்களுடன் வருபவர்களைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம் உள்ள என் மாமியார்; நான் அத்தை என்று கூப்பிடுபவர். மூன்றாவது கொண்டை ஊசி வளைவிலேயே முகம் வெளிறிவிடும் ஏழு வயது மகன். பறவை பார்ப்பதற்காகவே மலைக்கு வருவதாகச் சொல்லும் மகள். குளிர் ஒன்றைத் தவிர வேறெதுவும் கேட்காத கணவர். இவர்களில் யாருடைய தேவையை முதலில் வைப்பது என்பதை முடிவு செய்யாமல் ஊரைத் தேர்ந்தெடுக்கப் புறப்பட்டதுதான் என்னுடைய பழைய தவறு. ஊட்டியா, கொடைக்கானலா, ஏற்காடா என்று பெயர்களை வைத்துக்கொண்டு பேசினோமே தவிர, எத்தனை வளைவு, எத்தனை படி, எவ்வளவு உயரம் என்று ஒருபோதும் கேட்டதில்லை.

உயரத்திலிருந்தே தொடங்கலாம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ ஆறரை டிகிரி செல்சியஸ் குறையும் என்பது பொதுக் கணக்கு. திருச்சியில் 40 டிகிரி அடிக்கும் நாளில், ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரமுள்ள ஏலகிரியிலோ கொல்லிமலையிலோ பகலில் 33 டிகிரியாவது இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் போக வேண்டும். நிழலில் காற்று இதமாக இருக்கும், இரவில் போர்வை தேவைப்படலாம். ஆனால் உச்சி வெயிலில் நடந்தால் வியர்க்கும். சுமார் 1,500 மீட்டர் உயரமுள்ள ஏற்காடு இதற்கும் ஒரு படி மேல். 2,100 மீட்டரைத் தொடும் கொடைக்கானலிலும் 2,240 மீட்டரில் இருக்கும் உதகமண்டலத்திலும் மேகமும் மரங்களும் சேர்ந்துகொள்வதால், கணக்கு சொல்வதைவிடவும் குளிர்ச்சியாக, மே மாதப் பகலிலும் இருபதுகளின் தொடக்கத்திலேயே வெப்பம் நின்றுவிடும். என் கணவர் "குளிர்" என்று சொல்வது இந்த இரண்டு ஊர்களில் கிடைக்கும் குளிரைத்தான். ஒருமுறை அவரைக் கொல்லிமலைக்கு அழைத்துச் சென்று, விடுதி அறையில் மின்விசிறி இருப்பதைக் கண்ட கணத்தில் அவர் முகம் போன போக்கு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

கொல்லிமலையைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போனால், மிளகுக் கொடி சுற்றிய மரங்களும், பலாவும், அன்னாசியும், சாமையும் தினையும் விளையும் வயல்களுமாக அது இன்னும் ஊராகவே இருக்கிறது. அறப்பளீசுவரர் கோவில் இருக்கிறது. ஆனால் எல்லோரும் பார்க்க விரும்பும் ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கிப் போய், அத்தனையையும் திரும்ப ஏற வேண்டும். கோடையில் அங்கே தண்ணீரும் மெலிந்திருக்கும். அருவிக்காக மலைக்குப் போகிறவர்கள் மே மாதத்தை விட்டுவிடுவது நல்லது. குற்றாலத்துச் சாரல்கூடத் தென்மேற்குப் பருவக்காற்று வந்த பிறகு, ஜூனில்தான் தொடங்குகிறது. குறிஞ்சித் திணைக்கு உரிய பெரும்பொழுதாகக் கூதிரையும் முன்பனியையும்தான் பழைய இலக்கணம் வகுத்து வைத்திருக்கிறது, வேனிலைப் பாலைக்குக் கொடுத்துவிட்டது. மலை எப்போது மலையாக இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பள்ளி விடுமுறை எப்போது வரும் என்பதுதான் தெரியவில்லை.

கொடைக்கானல் போன கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மலையேறும் வண்டிகளுக்கு இணையத்தில் முன்அனுமதி வாங்கும் இ-பாஸ் முறை வருவதற்கு முந்தைய ஆண்டின் மே மாதம், ஒரு சனிக்கிழமை. விடியற்காலையில் கிளம்பினால் மதிய உணவுக்கு மேலே இருக்கலாம் என்று திட்டமிட்டு, வத்தலக்குண்டு வழியாக ஏறினோம். வெள்ளி நீர்வீழ்ச்சியை நெருங்கும்போது வண்டிகள் நின்றுவிட்டன. அங்கிருந்து ஊர் எட்டு கிலோமீட்டர்தான். அந்த எட்டு கிலோமீட்டரைக் கடக்க எங்களுக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று. சாலையோரத்தில் பலாச்சுளையும் அவித்த சோளமும் விற்றவர்கள் வண்டி வண்டியாக நடந்தே வந்துவிட்டார்கள். குழந்தைகளுக்குச் சிறுநீர் கழிக்க இடமில்லாமல் பெண்கள் சேலையை விரித்துப் பிடித்து மறைப்பு கட்டினார்கள். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. வெளியே பார்த்துக்கொண்டே, "ஏம்மா, இவ்வளவு பேரும் குளிரத் தேடித்தான் வந்திருக்காங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அன்று மாலை விடுதிக்குப் போய்ச் சேர்ந்தபோது இன்னொன்று காத்திருந்தது. பள்ளத்தாக்கைப் பார்த்த அறை என்று படம் போட்டிருந்தார்கள். படம் மொட்டை மாடியில் நின்று எடுத்தது. எங்கள் அறையின் சன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மலைச்சரிவில் கட்டிய விடுதி என்பதால் வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து அறைக்கு இறங்க நாற்பத்திரண்டு படிகள், அதுவும் கைப்பிடி இல்லாத படிகள் இருந்தன. மூன்று நாள் பயணத்தில் அத்தை இரண்டு முறைதான் வெளியே வந்தார். நட்சத்திர வடிவ ஏரியை அவர் வண்டிக்குள் இருந்தபடியே பார்த்துவிட்டுத் திரும்பினார். அதன் பிறகு எந்த விடுதிக்குத் தொலைபேசியில் பேசினாலும், வாடகையைக் கேட்பதற்கு முன்னால் படிகளைக் கேட்கிறேன். பாதிப் பேர் "ரொம்ப இல்லம்மா" என்பார்கள். அது பதில் இல்லை.

2024 மே 7 முதல், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி, நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாயிற்று. 2025இல் ஏப்ரல் தொடங்கி ஜூன் முடிய எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள்: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000. அதே ஆண்டு நவம்பரிலிருந்து வால்பாறைக்கும் இ-பாஸ் வந்துவிட்டது. இதில் பலர் செய்யும் பிழை, அறையை முன்பதிவு செய்து பணத்தையும் கட்டிவிட்டுப் பிறகு இ-பாஸ் தேடுவது. வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும். தேதி கிடைத்த பிறகே அறை. அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. வரம்பு வேண்டுமா வேண்டாமா என்று வியாபாரிகள் தரப்பில் ஒரு வாதம் உண்டு, அதில் நியாயமும் உண்டு. ஆனால் அந்த மூன்று மணி நேரம் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தவள் என்ற முறையில் நான் வரம்பின் பக்கம்தான்.

உதகை வேண்டுமா என்ற கேள்விக்கு என் பதில், அதைச் சுற்றியுள்ள ஊர்களில் தங்கிக்கொண்டு உதகையை ஒரு நாள் பார்ப்பதே போதும் என்பது. மே மாதத்தில் மலர்க் கண்காட்சி நடக்கும் நாட்களில், 1848இல் அமைக்கத் தொடங்கிய அந்தத் தாவரவியல் பூங்காவுக்குள் பூக்களைவிடத் தலைகள்தான் அதிகம் தெரியும். அந்தக் கண்காட்சிக்காகவே போகிறவர்கள் போகலாம். மற்றவர்கள் தேதியைப் பார்த்து அதைத் தவிர்ப்பது நல்லது. குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம். சிம்ஸ் பூங்காவும் டால்பின் நோஸ் முனையும் அங்கே இருக்கின்றன. கோத்தகிரியும் ஏறத்தாழ அதே உயரத்தில்தான் இருக்கிறது. குளிர் உதகையைவிட ஒரு பிடி குறைவு, கூட்டம் பல பிடி குறைவு. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் நீலகிரியில் முதலில் வீடு கட்டிக்கொண்டது கோத்தகிரிக்கு அருகிலுள்ள கன்னேரிமுக்கில்தான் என்பதைக் கேட்டபோது, அந்த மனிதருக்கும் கூட்டம் பிடிக்காது போலிருக்கிறது என்று அத்தை சொன்னார். 1819இல் அங்கே யார் கூட்டம் போட்டிருக்கப் போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

சீசன் நாட்களில் மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும், இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் ஒருவழியாகத் திருப்பிவிடுவது வழக்கம். கோத்தகிரியில் தங்க நினைப்பவர்கள் இதை விசாரித்துக்கொண்டு கிளம்ப வேண்டும். இல்லாவிட்டால் ஊரைச் சுற்றிக்கொண்டுதான் ஊருக்குள் வர வேண்டியிருக்கும்.

மலை ரயிலைப் பற்றி ஒரு சொல். பிள்ளைகள் படத்தில் பார்த்து ஆசைப்படும் பற்சக்கரத் தண்டவாளம் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில்தான் இருக்கிறது; பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி என்ற கணக்கில் அங்கே பாதை எழும்புகிறது. 1899இல் குன்னூர் வரைக்கும், 1908இல் உதகை வரைக்கும் ஓடத் தொடங்கிய இந்த 46 கிலோமீட்டர்ப் பாதைக்கு 2005இல் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தது. குன்னூர் முதல் உதகை வரையிலான பயணம் அழகுதான், ஆனால் அதில் பற்சக்கரம் இல்லை. காலையில் மேட்டுப்பாளையத்தில் ஏறினால் உதகை போய்ச் சேர நண்பகல் ஆகிவிடும். இடம் கிடைப்பது அரிது என்பதால் விடுமுறைத் தேதி தெரிந்த அன்றே முன்பதிவுக்கு உட்கார வேண்டும். வளைவுக்கு அஞ்சும் என் மகன் இந்த ரயிலில் ஒருமுறைகூட வாந்தி எடுக்கவில்லை. மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தில் வயிறு எதற்குக் கலங்கப் போகிறது?

மகளின் ஊர் வால்பாறை. ஆழியாற்றைத் தாண்டியதும் தொடங்கும் நாற்பது வளைவுகளில் ஒன்பதாவது வளைவில் வண்டியை நிறுத்தி அணையைத் திரும்பிப் பார்ப்பது எல்லோரும் செய்வது. அவள் காத்திருந்தது புதுத்தோட்டம் என்ற இடத்துக்கு. அங்கே சாலையோர மரங்களில் சிங்கவால் குரங்குகள் பிடரி மயிர் சிலிர்க்க உட்கார்ந்திருந்தன; வண்டியில் அடிபடாமல் சாலையைக் கடக்க அவற்றுக்காக மரத்துக்கு மரம் தொங்கு பாலங்கள் கட்டியிருக்கிறார்கள். மறுநாள் விடியலில், தேயிலைச் சரிவுக்கு மேலே ரயில் மூச்சு வாங்குவதைப் போன்ற ஓர் ஓசை கேட்டது. இருவாட்சிப் பறவை. இறகடிப்பின் ஓசையே அவ்வளவு தூரம் கேட்கும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. இருட்டிய பிறகு அங்கே நடமாடக் கூடாது. யானை நிற்கும் இடத்தை ஊர்க்காரர்களுக்குத் தெரிவிக்கச் சிவப்பு விளக்குகளே வைத்திருக்கிறார்கள். பகல் வெயில் சுள்ளென்று இருந்தது, கணவர் மறுபடியும் முகம் தூக்கினார். அதற்கு நான் என்ன செய்ய முடியும்? உயரம் சுமார் 1,100 மீட்டர்தான் என்று கிளம்பும் முன்பே சொல்லியிருந்தேன்.

மேகமலைக்கு நாங்கள் இன்னும் போகவில்லை. சின்னமனூரிலிருந்து ஏறும் பதினெட்டு வளைவுகளுக்கும் பூக்களின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள் என்பது என்னை இழுக்கிறது. தங்குமிடங்கள் மிகக் குறைவு என்பதும், அவசரத்துக்கு மருத்துவமனை என்றால் மலையிறங்க வேண்டும் என்பதும் அத்தையை நினைத்துத் தயங்க வைக்கின்றன. ஏற்காட்டைச் சேலத்துக்காரர்கள் காலையில் போய் மாலையில் திரும்பும் ஊராக வைத்திருக்கிறார்கள். எங்களுக்கும் அப்படித்தான் பழகிவிட்டது. காப்பித் தோட்டத்து நிழலில் ஒரு பகல், சேர்வராயன் கோவில், இருபது வளைவுகள், வீடு.

இந்த ஆண்டுக்கான முடிவு கோத்தகிரி. மே மாதத்தின் முதல் வாரத்துக்கு முன்பே, செவ்வாய்க்கிழமை ஏறி வெள்ளிக்கிழமை காலையில் இறங்குவதாகத் திட்டம். மகனுக்கு வயிற்றில் இட்லி மட்டும், முன் இருக்கை, கையில் ஓர் எலுமிச்சம்பழம். மதியத்துக்கு மேல் கோடை மழை பிடித்துக்கொள்ளும் என்பதால் பார்க்க வேண்டிய இடங்களை எல்லாம் காலையிலேயே முடித்துவிட்டு, மழை நேரத்தை வர்க்கி பிஸ்கட்டுக்கும் தேநீருக்கும் ஒதுக்கியிருக்கிறோம். மகளுக்கு லாங்வுட் சோலைக் காடு, கணவருக்குக் கம்பளி. நீலகிரிக்குள் பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில் கொண்டுபோகக் கூடாது என்பதால், எவர்சில்வர் பாட்டில்கள் ஐந்து மேசைமேல் ஏற்கெனவே வரிசையாக நிற்கின்றன.

நேற்று விடுதிக்குப் பேசினேன். எத்தனை படிகள் என்று கேட்டதும், மறுமுனையில் இருந்தவர் "இருங்கம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். தொலைபேசியில் காற்று அடிக்கும் ஓசையும், அவர் செருப்புச் சத்தமும், அவர் வாய்விட்டு எண்ணுவதும் கேட்டன. திரும்பி வந்து, "பதினொண்ணும்மா" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: "கைப்பிடி இருக்கான்னு கேளு."