சிலியமும் சிக்னலிங்கும்: நெட் பகுதி சி-யில் என்னைக் காப்பாற்றிய இரண்டு கேள்விகள்

நெட் (ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் கல்லூரி ஆசிரியர் தகுதிக்குமான தேசியத் தேர்வு) லைஃப் சயின்ஸ் ரிசல்ட் வந்து, ஜேஆர்எஃப் (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) உறுதியான நிம்மதியில் எழுதுகிறேன். முழு சிலபஸுக்கும் வழி சொல்லப் போவதில்லை. முதன்மை சிலியமும் (செல்லின் மேல் ஆண்டெனாபோல் நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றை முடி) செல் சிக்னலிங்கும் (செல்கள் செய்தி வாங்கிச் செயல்படும் முறை) சேரும் இடத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். தேர்வின் கடைசிப் பகுதியான பகுதி சி-யில் எனக்கு நம்பிக்கை கொடுத்தது அந்த இடம்தான்.

இந்தத் தலைப்புக்கு சிலபஸில் சொந்த வீடு கிடையாது. சிலியத்தின் அமைப்பு யூனிட் 2-இல், சிக்னல் பாதைகள் யூனிட் 4-இல், எலிக்கருவின் குறைபாடுகள் யூனிட் 5-இல் கிடக்கின்றன. நான் வாங்கிய கோச்சிங் நோட்ஸில் ஹெட்ஜ்ஹாக் பாதை (கருவின் உடலமைப்பை வகுக்கும் ஒரு சிக்னல் வழி) பழ ஈயோடு முடிந்துவிட்டது. ஈயின் பெரும்பாலான செல்களில் சிலியமே இல்லை, அங்கே ஹெட்ஜ்ஹாக் அது இல்லாமலே ஓடுகிறது. எலியிலும் மனிதனிலும் சிலியம் இல்லாவிட்டால் இந்தப் பாதை ஒழுங்காக நடக்காது. கேள்வியில் எந்த உயிரி என்பதை முதலில் பாருங்கள்.

2003-இல் நியூயார்க்கில் கேத்ரின் ஆண்டர்சனின் குழு, எலிக்கருக்களில் பிறழ்வுகளைத் தேடிக்கொண்டிருந்தபோது ஐஎஃப்டி மரபணுக்களில் போய் நின்றது. அதாவது, சிலியத்துக்குள் சரக்கு ஏற்றி இறக்கும் புரதங்களின் மரபணுக்கள். அவை கெட்ட கருக்களில் நரம்புக் குழாயின் (பின்னால் மூளையும் தண்டுவடமும் ஆவது) வயிற்றுப்புறச் செல்கள் சரியாக உருவாகவில்லை. ஹெட்ஜ்ஹாக் குறைந்துவிட்டது என்று தோன்றும். ஆனால் சிலியம் கெட்ட எலிகளின் கைகால்களில் விரல்கள் கூடுதலாக இருக்கும். அது ஹெட்ஜ்ஹாக் கூடியதுபோல் தெரிகிறது. ஒரே குறைபாடு எப்படி இரண்டு பக்கமும் இழுக்கும்?

விடை ஜிஎல்ஐ புரதங்களில் இருக்கிறது. பாதையின் கடைசியில் நின்று மரபணுக்களை இயக்குபவையும் (தூண்டி) அடக்குபவையும் (ஒடுக்கி) இவைதான். ஜிஎல்ஐ2 தூண்டியாக மாறவும் சிலியம் வேண்டும், ஜிஎல்ஐ3 வெட்டப்பட்டு ஒடுக்கியாக மாறவும் சிலியம் வேண்டும். சிலியம் போனால் இரண்டும் போய்விடும். நரம்புக் குழாயின் வயிற்றுப்புறத்துக்குத் தூண்டிதான் முக்கியம், அதனால் அங்கே இழப்பு. விரல் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவது ஒடுக்கி, அதனால் அங்கே கூடுதல்.

இது புரிந்த அன்றிலிருந்து எந்த மரபணுவைப் பார்த்தாலும் இரண்டே கேள்விதான் கேட்டேன்: தூண்டி என்ன ஆகும்? ஒடுக்கி என்ன ஆகும்? மற்ற எல்லாவற்றையும்விட இதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன்.

- பேட்ச்டு (ஸ்மூதன்டை அடக்கி வைக்கும் புரதம்) இல்லை: தூண்டி கூடும், ஒடுக்கி குறையும். நரம்புக் குழாய் முழுக்க வயிற்றுப்புறத் தன்மைக்கு மாறும்.
- ஸ்மூதன்ட் (விழித்தால் பாதையை இயக்கும் புரதம்) இல்லை: தூண்டி இல்லை, ஒடுக்கி ஏராளம்.
- ஐஎஃப்டி88 (மேலே சொன்ன ஐஎஃப்டி மரபணுக்களில் ஒன்று) இல்லை: இரண்டுமே சரியாக உருவாகாது.
- பேட்ச்டும் ஐஎஃப்டி88-உம் சேர்ந்து இல்லை: ஐஎஃப்டி88 இல்லாததுபோலவே இருக்கும். சிலியம் பாதையில் பேட்ச்டுக்குக் கீழே வேலை செய்கிறது என்பதற்கு இதுதான் சான்று.

புற்றுநோய்க் கேள்விக்கும் இதே முறை போதும். 2009-இல் வந்த எலி ஆய்வுகளில், எப்போதும் விழித்திருக்கும் ஸ்மூதன்டால் வரும் கட்டி சிலியத்தை நீக்கினால் அடங்கியது. எப்போதும் தூண்டியாகவே இருக்கும் ஜிஎல்ஐ2-ஆல் வரும் கட்டியோ சிலியம் போனதும் வேகமெடுத்தது. முதலாவதில் தூண்டியே உருவாகவில்லை. இரண்டாவதில் தூண்டி ஏற்கெனவே இருக்கிறது, ஒடுக்கி மட்டும் போய்விட்டது. இதை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை.

அப்புறம் எதிர்த்திசை, அதாவது சிக்னல் சிலியத்தை எப்படி உருவாக்குகிறது, எப்படிக் கரைக்கிறது என்பது. இதைத் தனித் தாளில் வையுங்கள். வளர்ப்புத் திரவத்திலிருந்து சீரத்தை (செல் பிரியத் தூண்டும் இரத்தத் திரவம்) எடுத்துவிட்டால் செல் ஜி0-வுக்கு, அதாவது பிரியாத ஓய்வு நிலைக்குப் போகிறது. சிலியத்துக்கு அடித்தளமாகும் தாய் சென்ட்ரியோலின் நுனி இணைப்புகளில் உள்ள செப்164 புரதம், டிடிபிகே2 என்ற கைனேஸ் நொதியை அழைத்து வருகிறது. மூடிபோல் உட்கார்ந்திருக்கும் சிபி110 புரதம் விலகுகிறது, ஐஎஃப்டி ஆக்சோனீமை (சிலியத்தின் உள்தண்டு) வளர்க்கிறது. சீரத்தைத் திருப்பிக் கொடுத்தால் ஹெச்இஎஃப்1 புரதம் அரோரா ஏ நொதியைத் தூண்டும், அது ஹெச்டிஏசி6 நொதியைத் தூண்டும், சிலியத்தின் தண்டிலுள்ள டியூபுலினின் அசிட்டைல் குழுக்கள் நீங்கிச் சிலியம் சுருங்கும். என்ஐஹெச்3டி3 என்ற எலிச் செல்களில் ஹெட்ஜ்ஹாக் சோதனை செய்வதற்கு முன்னால் ஏன் சீரத்தைக் குறைக்கிறார்கள் என்பது இதிலிருந்தே புரியும். சிலியம் வளர்ந்தால்தானே ஸ்மூதன்ட் உள்ளே போக இடம் இருக்கும்!

ஸ்மூதன்ட் என்றதும் ஒரு பொறியைச் சொல்லியாக வேண்டும். 'சிலியத்தில் ஸ்மூதன்ட் தெரிந்தால் பாதை இயங்குகிறது' என்று ஒரு கூற்று வந்தால் தவறு என்று போடுங்கள். சைக்ளோபமைன் கொடுத்த செல்களிலும் ஸ்மூதன்ட் சிலியத்தில் சேர்கிறது, ஆனால் செயலற்று இருக்கிறது. சான்ட்-1 கொடுத்தால் உள்ளேயே வராது. இரண்டும் தடுப்பான்கள்தான், தடுக்கும் இடம் வேறு.

நான் கையால் வரைந்தால்தான் நினைவில் வைப்பவள். விடியற்காலையில் வெற்றுத்தாளில் ஒரு சிலியம் வரைந்து, பேட்ச்டு வெளியேறும் அம்பு, ஸ்மூதன்ட் நுழையும் அம்பு, நுனியில் ஜிஎல்ஐ என்று போட்டுவிட்டுத்தான் மற்றப் பாடத்துக்குப் போவேன். குழுவாகப் படிப்பது எனக்குச் சரிவரவில்லை. பேசிப் பேசிப் படிப்பவர்களுக்கு வேறு வழி இருக்கலாம்.

தேர்வறைக்கு:

- பகுதி சி-யை முதலில் தொட்டேன். 75 கேள்விகளில் 25-ஐத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருக்கும்போது களைத்த தலையோடு அங்கே போகாதீர்கள்.
- தவறுக்கு 25 சதவீதம் போகும். நான்கு கூற்றுகளில் இரண்டு உறுதியாகத் தெரிந்து, அவற்றால் மூன்று விடைகளை நீக்க முடிந்தால் போடுங்கள், இல்லையென்றால் விடுங்கள்.
- சரக்கை இழுக்கும் மோட்டார் புரதங்களில் கைனெசின்-2 சிலியத்தின் நுனியை நோக்கி, டைனின்-2 திரும்பி. ஐஎஃப்டி-பி ஏறுவதற்கு, ஐஎஃப்டி-ஏ இறங்குவதற்கு. இதை மாற்றிப் போட்டுக் கூற்று அமைப்பது எளிது.
- 9+0 (சுற்றி ஒன்பது நுண்குழாய் ஜோடிகள், நடுவில் ஒன்றுமில்லை) என்றாலே அசையாது என்று முடிவு கட்டாதீர்கள். கருவின் இடம் வலத்தைத் தீர்மானிக்கும் நோடல் சிலியா 9+0 அமைப்போடே சுழல்கிறது.
- சுஃபு (ஜிஎல்ஐ புரதங்களைப் பிடித்து வைக்கும் தடுப்புப் புரதம்) இல்லாத எலியில் சிலியத்தையும் நீக்கினால்கூட ஹெட்ஜ்ஹாக் பாதை அணைவதில்லை. ஐஎஃப்டி88-க்குப் போட்ட அதே இரண்டு கேள்விகளை இதற்கும் போட்டு, ஏன் என்று தாளில் வரைந்து பாருங்கள்.