ஸ்டாம்ப் வழக்கில் எடைதான் எல்லாம்

மதுரையில் போதைப்பொருள் வழக்குகள் நடத்தும் சீனியர் ஒருவரிடம் நான் ஜூனியராகச் சேர்ந்தபோது எங்களிடம் வந்தவை பெரும்பாலும் கஞ்சா வழக்குகள். ஒரு கிலோவுக்குக் கீழே இருந்தால் சிறு அளவு, 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு என்பது ஜாமீனுக்கு அலையும் குடும்பத்துப் பெண்களுக்கே மனப்பாடமாக இருந்தது. பிறகு கல்லூரிப் பையன்களின் வழக்குகள் வரத் தொடங்கின. கொடைக்கானல் மலைப்பாதைச் சோதனையில் சிக்கியவர்கள், கூரியரில் வந்த உறையோடு பிடிபட்டவர்கள். அவர்களிடம் இருந்தது எல்.எஸ்.டி. ஸ்டாம்ப், அதாவது எல்.எஸ்.டி. என்ற போதை மருந்தில் ஊறவைத்த சிறு காகிதத் துண்டு.

அப்படி ஒரு பையனின் அப்பா, மளிகைக்கடைக்காரர், பொருளைக் கைப்பற்றியபோது போலீசார் எழுதிய மகஜரின் நகலோடு வந்தார். "பத்தே பத்து துண்டு சார். ஒவ்வொண்ணும் சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்ல. வெறும் பேப்பர்தானே? நாளைக்கே பெயில் கிடைச்சிடும்ல?" என்று கேட்டார். அவர் தினமும் தராசு பிடிப்பவர். அதனால் ஒரு தாளை எடுத்து எடைக் கணக்கையே போட்டுக் காட்டினேன்.

ஒரு ஸ்டாம்பில் ஊறியிருக்கும் எல்.எஸ்.டி. பொதுவாக 100 மைக்ரோகிராம் அளவில் இருக்கும். பத்துக்கும் சேர்த்து 1 மில்லிகிராம். மத்திய அரசு 2001 அக்டோபரில் வெளியிட்ட பட்டியலில் எல்.எஸ்.டி.க்குச் சிறு அளவின் வரம்பு 0.002 கிராம், அதாவது 2 மில்லிகிராம். வணிக அளவின் வரம்பு 0.1 கிராம். மருந்தை மட்டும் கணக்கில் எடுத்தால் பையன் சிறு அளவுக்குள் நிற்கிறான். 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 22ஆவது பிரிவுப்படி அதற்கு அதிகபட்சம் ஓராண்டுக் கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். காகிதத்தையும் சேர்த்து நிறுத்தால் ஒரு துண்டு பத்துப் பதினைந்து மில்லிகிராம் வரும். பத்துத் துண்டும் சேர்ந்தால் 0.1 கிராமைத் தாண்டிவிடும். அப்போது குறைந்தபட்சத் தண்டனையே பத்து ஆண்டு, அபராதம் ஒரு லட்சம். அதிகபட்சம் இருபது ஆண்டு, இரண்டு லட்சம்.

பொருள் ஒன்றுதான், பிடிபட்ட பையனும் ஒருவன்தான். எதை நிறுப்பது என்பதில்தான் ஓராண்டும் பத்தாண்டும் பிரிகின்றன. அந்த அப்பா தாளைத் திருப்பி வாங்கி, கணக்கைத் தானே இன்னொரு முறை போட்டுப் பார்த்தார்.

இந்தச் சிக்கல் நீதிமன்றங்களிலும் இருக்கிறது. கலப்படப் பொருளில் உண்மையான போதை மருந்தின் எடையைத்தான் பார்க்க வேண்டும் என்று 2008இல் மைக்கேல் ராஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2020 ஏப்ரலில் ஹீரா சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, கலந்திருக்கும் மற்றப் பொருளையும் சேர்த்தே நிறுக்க வேண்டும் என்றது. ஹெராயினில் மாவைக் கலந்து விற்பவன் மொத்தக் கலவையைத்தான் விற்கிறான், வாங்குபவன் உடம்பில் அதுதான் ஏறுகிறது. அங்கே அந்த வாதம் எனக்கும் புரிகிறது. ஸ்டாம்பின் காகிதம் அப்படிப்பட்ட கலப்படமா? மருந்தைத் தாங்கி நிற்கும் துண்டுதானே அது. காகிதத்தின் எடையைச் சேர்க்கக் கூடாது என்று மும்பை உயர் நீதிமன்றம் சொன்னதுண்டு. அதுவே நியாயம் என்பது என் உறுதியான கருத்து. ஆனாலும் வழக்குப் பதிவாகும் நேரத்தில் காகிதத்தோடுதான் நிறுக்கிறார்கள். நான் பார்த்த ஆய்வக அறிக்கைகள் பலவற்றில் 'எல்.எஸ்.டி. உள்ளது' என்ற ஒரு வரிதான் இருக்கும், எவ்வளவு என்று இருக்காது. ஆகவே மருந்தின் அளவைத் தனியே கண்டறிந்து சொல்லக் கேட்டு மனுப் போடுவதுதான் எங்கள் முதல் வேலை.

வணிக அளவு என்று எழுதிவிட்டால் 37ஆவது பிரிவு குறுக்கே வந்து நிற்கும். இவர் குற்றவாளி அல்ல என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறது, வெளியே போனால் மறுபடி குற்றம் செய்யமாட்டார் என்ற இரண்டிலும் நீதிபதிக்குத் திருப்தி வந்தால்தான் ஜாமீன். விசாரணையே தொடங்காத நிலையில் முதலாவதைக் காட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லத் தேவையில்லை. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய 180 நாள் அவகாசம். அரசு வழக்கறிஞர் அறிக்கை கொடுத்துக் கேட்டால் அதை ஓராண்டு வரை நீட்டலாம். செமஸ்டர் போய்விடும், வளாகத் தேர்வில் கிடைத்த வேலை போய்விடும். விசாரணை தேவையில்லாமல் இழுத்தடித்தால் 37ஆவது பிரிவு இருந்தாலும் ஜாமீன் கொடுக்கலாம் என்று 2023இல் முகமது முஸ்லிம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு கொஞ்சம் மூச்சுவிட முடிகிறது. ஆனால் அந்தத் தீர்ப்பைக் காட்டிக் கேட்பதற்கே பையன் நெடுங்காலம் உள்ளே இருந்திருக்க வேண்டும்.

கூட வந்த நண்பர்கள் கதை இன்னும் பாவம். காரில் நான்கு பேர், ஒருவன் பர்ஸில் ஸ்டாம்ப். மற்ற மூவரையும் 29ஆவது பிரிவில், கூட்டுச்சதி என்று சேர்த்துவிடலாம். "எனக்குத் தெரியாது" என்று அவர்கள் சொன்னால் மட்டும் போதாது. வேறு வழக்குகளில் எல்லாவற்றையும் நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு. இந்தச் சட்டத்தின் 35ஆவது பிரிவு, குற்ற எண்ணம் இருந்தது என்றே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. இல்லை என்பதைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியது குற்றம்சாட்டப்பட்டவர்தான்.

சோதனை முறையாக நடந்ததா என்பதில் எங்களுக்கு ஓரளவு பிடி கிடைக்கும். உடம்பைச் சோதிப்பதாக இருந்தால், மாஜிஸ்திரேட் அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னால் சோதிக்கச் சொல்லும் உரிமை உனக்கு உண்டு என்று முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். இது 50ஆவது பிரிவு. முதுகுப் பையை மட்டும் சோதித்தால் இது பொருந்தாது. அதனால் பொருள் சட்டைப்பையில் இருந்ததா, முதுகுப்பையில் இருந்ததா என்று பையன்களிடம் துருவித் துருவிக் கேட்போம். இன்னொன்று, அதிகாரிகளிடம் எழுதிக் கொடுத்த வாக்குமூலம். 2020 அக்டோபரில் வந்த தூபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு தீர்ப்புக்குப் பிறகு, 67ஆவது பிரிவின் கீழ் கொடுத்த வாக்குமூலத்தை விசாரணையில் குற்ற ஒப்புதலாகப் பயன்படுத்த முடியாது. நம்மூரில் தொடங்கிய வழக்கு நாடு முழுவதும் பலருக்கு உதவியிருக்கிறது.

கொடைக்கானல் போதைக்காளான் விஷயத்தில் குழப்பம் வேறு மாதிரி. பட்டியலில் இருப்பது காளானுக்குள் இருக்கும் சைலோசிபின் என்ற போதைப்பொருள். சிறு அளவு 2 கிராம், வணிக அளவு 50 கிராம். மழைக்காலத்தில் முளைக்கும் காளானில் பெரும்பகுதி தண்ணீர். அதை அப்படியே தராசில் வைத்தால் ஒரு பொட்டலம்கூட 50 கிராமைத் தாண்டும். காளான் இயற்கையாக முளைப்பது, அதைக் கலவை என்று சொல்ல முடியாது, ஆகவே உள்ளே எவ்வளவு சைலோசிபின் என்றுதான் பார்க்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் ஒரு ஜாமீன் உத்தரவில் சொன்னது. தேனில் ஊறப்போட்டு விற்கும் காளானுக்கு இதே வாதம் எடுபடுமா என்பது வேறு கேள்வி. தேனும் கலவைதான் என்று அரசுத் தரப்பு வாதாட வழியிருக்கிறது. விற்றதாக வழக்கு வந்தால் 1982ஆம் ஆண்டுத் தடுப்புக்காவல் சட்டம், நாம் குண்டர் சட்டம் என்கிறோமே அதுவும் பாயலாம்.

சிகிச்சைக்குப் போனால் விட்டுவிடுவார்களா என்று அம்மாக்கள் கேட்பார்கள். 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஆனால் அது போதைக்கு அடிமையானவர், சிறு அளவு வழக்கிலோ உட்கொண்ட வழக்கிலோ சிக்கி, தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால்தான். எல்.எஸ்.டி. ஒன்றிரண்டு முறை எடுத்த பையன் அடிமை என்ற விளக்கத்துக்குள் வருவதே சிரமம். குறைவாகப் பழகியவனுக்கு அந்தக் கதவு திறப்பதில்லை. இதைத் திருத்தியே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன்.

விடுதலையான பிறகும் முடிவதில்லை. தமிழ்நாடு காவல்துறை வேலைக்கு விண்ணப்பித்தால், சந்தேகத்தின் பலனில் விடுதலை ஆனவரையும் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே விதி பார்க்கிறது. வழக்கு நிலுவையில் இருக்கும்போது பாஸ்போர்ட் மறுக்கலாம். வெளிநாட்டில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தாலும் அனுமதி கேட்டு அதே சிறப்பு நீதிமன்றத்துக்குத்தான் வர வேண்டும். கல்லூரி திறக்கும் தேதிக்குள் உத்தரவு கிடைக்குமா என்று தேதி தேதியாக வந்து நிற்கும் பையன்கள் இப்போதும் எங்கள் பட்டியலில் இருக்கிறார்கள்.