எந்தக் கேஸுக்குச் சாட்சி?

எங்கள் கிறிஸ்தவ சபையில் இளைஞர்களுக்கான வாலிபர் ஊழியத்துக்குப் பொறுப்பேற்ற புதிதில், ஒரு கூட்டத்தின் முடிவில் வழக்கம்போல "யாராவது சாட்சி சொல்ல வருகிறீர்களா?" என்று கேட்டேன். கடவுள் தனக்குச் செய்ததை எழுந்து நின்று சொல்வதைத்தான் நாங்கள் சாட்சி என்போம். நண்பன் இழுத்துவந்த ஒரு பையன் பக்கத்தில் இருந்தவனிடம் கேட்டான்: "எந்தக் கேஸுக்கு?" எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது, அவன் விளையாட்டாகக் கேட்கவில்லை.

அன்றைய பிரசங்கக் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். இரட்சிப்பு, அபிஷேகம், பாரம், ஆத்தும ஆதாயம். எங்களுக்குப் 'பாரம்' என்றால் மற்றவர்களுக்காக மனதில் சுமக்கிற அக்கறை, 'ஆத்தும ஆதாயம்' என்றால் ஒருவரை இயேசுவிடம் கொண்டுவருவது. வெளியாளின் காதோடு கேட்டால் 'பாரம்' ஒரு மூட்டை, 'ஆத்தும ஆதாயம்' ஏதோ லாபக் கணக்கு. சின்ன வயதிலிருந்து சபைக்குள்ளேயே வளர்ந்தவனுக்கு இது தெரியாமலே போய்விடுகிறது.

சொற்களை மாற்றினால் போதும் என்று நினைத்தேன். இசை மாலை, விளையாட்டு, கலர் போஸ்டர் எல்லாம் செய்தோம். வந்தவர்கள் மற்ற சபைப் பிள்ளைகள். அப்புறம் ஒரு தப்புச் செய்தேன். 'வேலையில் மன அழுத்தத்தைச் சமாளிப்பது எப்படி' என்று ஒரு கூட்டம் அறிவித்து, கடைசி இருபது நிமிடத்தில் சுவிசேஷத்தை, அதாவது இயேசுவைப் பற்றிய செய்தியை, நுழைத்தேன். கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வந்து நின்றாள். கோபமெல்லாம் இல்லை. "இயேசுவைப் பத்திப் பேசப் போறோம்னு சொல்லியிருந்தாலும் வந்திருப்பேன் அண்ணா. ஏன் மறைச்சீங்க?" கையில் இருந்த நாற்காலியைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை, அடுக்கவும் தோன்றவில்லை.

அந்த வாரம் பைபிளில் லூக்கா சுவிசேஷத்தின் 24-ஆம் அதிகாரத்தை மறுபடி வாசித்தேன். இயேசு சிலுவையில் இறந்துபோனதால், அவருடைய சீஷர்கள் இரண்டு பேர் எம்மாவு ஊருக்குச் சோர்ந்துபோய் நடக்கிறார்கள். உயிர்த்தெழுந்த இயேசு, அவர்கள் அடையாளம் கண்டுகொள்ளாதபடி கூடவே நடந்து, என்ன பேசிக்கொண்டு போகிறீர்கள் என்று கேட்கிறார். நடந்தது உமக்குத் தெரியாதா என்கிறார்கள். அவரைவிட யாருக்குத் தெரியும்? ஆனாலும் "எவைகள்?" என்று திரும்பக் கேட்கிறார். அவர்கள் முழுவதும் கொட்டித் தீர்த்த பிறகுதான் வேதத்தை விளக்கத் தொடங்குகிறார். இந்தப் பகுதியை எத்தனையோ தடவை பிரசங்கித்திருக்கிறேன். அந்த "எவைகள்" மட்டும் என் கண்ணில் பட்டதே இல்லை.

இப்போது எங்கள் குழுவில் ஆறேழு பேர். இயேசுவின் வாழ்க்கையைச் சொல்கிற, மாற்கு எழுதின சுவிசேஷத்தைச் சேர்ந்து வாசிக்கப் போகிறோம், நம்பிக்கை இல்லாதவர்களும் வரலாம் என்று நேராகவே சொல்லி அழைத்தோம். இருக்கிற நான்கு சுவிசேஷங்களில் அதுதான் சிறியது, பதினாறே அதிகாரம். ஒருவர் வாசிப்பார், மற்றவர்கள் கேட்டதைப் பற்றிப் பேசுவார்கள். என்னை யாராவது கேட்கும்வரை நான் விளக்கம் சொல்வதில்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா இருப்பது போலத்தான் முதலில் தோன்றியது. பிரசங்கம் செய்து பழகிய வாய்க்கு அது பெரிய தண்டனை.

அப்பாவை இழந்து சில மாதமே ஆன ஒரு பையன் ஒருநாள், "எல்லாப் பாட்டிலும் சந்தோஷமாவே இருக்கீங்களே, உங்களுக்கெல்லாம் கோபமே வராதா?" என்றான். பதில் சொல்லாமல், பைபிளில் இருக்கிற பாடல்களான சங்கீதங்களில் 88-ஆவதை எடுத்துக் கொடுத்தேன். மற்ற புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலும் கடைசியிலாவது ஒரு நம்பிக்கை வரி வரும். இதில் அதுவும் இல்லை. அவன் வாசித்து முடித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினான். "அவ்வளவுதானா? இதையும் வேதத்தில வச்சிருக்காங்களா?" ஆமாம் என்றேன். அடுத்த வாரமும் வந்தான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. இருவர் நின்றுவிட்டார்கள். யாரும் இன்னும் ஞாயிறு ஆராதனைக்கு வரவில்லை. மாத அறிக்கைப் படிவத்தில் 'புதிதாகச் சேர்ந்தவர்கள்' என்றொரு கட்டம் உண்டு, கமிட்டியில் மூத்தவர் ஒருவர் அதைத்தான் முதலில் பார்ப்பார். போன மாதமும் பூஜ்யம் போட்டேன். "என்ன தம்பி, இன்னும் ஒண்ணும் இல்லையா?" என்றார்.

"நாலாம் அதிகாரம் முடியல ஐயா" என்றேன். புயலில் படகு தத்தளிக்கும்போது, நாங்கள் சாகப்போகிறோம், உமக்குக் கவலையில்லையா என்று சீஷர்கள் இயேசுவிடம் கேட்கிற இடத்திலேயே மூன்று வாரமாக நிற்கிறோம்.