டர்னிப் கீரையைத் தோற்கடித்த மேயர்

அமெரிக்காவின் தெற்கே மிசிசிப்பி மாநிலத்தில் நாட்செஸ் ஊரிலிருந்து தலைநகர் ஜாக்சனுக்குப் போக நாட்செஸ் ட்ரேஸ் என்று ஒரு அழகான சாலை இருக்கிறது. லாரி கிடையாது, விளம்பரப் பலகை கிடையாது, இரண்டு பக்கமும் மரம்தான். நான் அதை விட்டுவிட்டு 61-ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்தேன். காரணம், வழியில் வரும் ஃபேயட். இரண்டாயிரம் பேர்கூட இல்லாத ஊர், நம்மூர்க் கணக்கில் ஒரு பெரிய கிராமம். மதிய வெயிலில் கடைத்தெருவில் என்னையும் ஒரு நாயையும் தவிர யாருமில்லை.

1969-இல் இந்த ஊர் அமெரிக்கா முழுக்கப் பேசப்பட்டது. கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து வாழும் ஒரு மிசிசிப்பி ஊருக்கு, உள்நாட்டுப் போரை அடுத்து வந்த காலத்துக்குப் பிறகு முதன்முதலாக ஒரு கறுப்பர் மேயரானார். சார்ல்ஸ் எவர்ஸ். வாக்கு 386-க்கு 255. தோற்றவர் அதுவரை மேயராக இருந்த ஆலன், ஊரில் அவருக்குப் பட்டப்பெயர் 'டர்னிப் கீரை'. அன்று மதியம் சாப்பாட்டுக் கடையில் கோழி வறுவலோடு அதே கீரை தட்டில் வந்து விழுந்தபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முள்ளங்கிக் கீரைக்கு அண்ணன் மாதிரி இருந்தது, உப்புதான் கொஞ்சம் தூக்கல்.

சார்ல்ஸைத் தேடி வந்ததற்குக் காரணம் அவருடைய தம்பி. கறுப்பர் உரிமைக்காகப் போராடி, 1963 ஜூன் 12 அன்று ஜாக்சனில் தன் வீட்டு வாசலில் சுடப்பட்டுச் செத்த மெட்கர் எவர்ஸ். தியாகியின் அண்ணன் என்றால் எப்படி இருப்பார் என்று நமக்கு ஒரு கற்பனை இருக்குமே, கதர்ச் சட்டை போட்ட மாதிரி ஒரு ஆள்? இவர் சிகாகோவில் சூதாட்டமும் கள்ளச் சாராயமும் இன்னும் மோசமான தொழில்களும் நடத்திக்கொண்டிருந்தவர். அதைப் பின்னாளில் அவர் மறைக்கவும் இல்லை. தம்பி செத்ததும் ஊருக்கு வந்து, தம்பி பார்த்த, கறுப்பர் உரிமைக்கான என்.ஏ.ஏ.சி.பி. இயக்கத்தின் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டார். தலைமையில் இருந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை, அதைப் பற்றி அவர் கவலைப்படவும் இல்லை.

ஃபேயட்டுக்கு வடக்கே போர்ட் கிப்சன். அங்கே தேவாலயக் கோபுர உச்சியில் சிலுவைக்குப் பதிலாகத் தங்க நிறத்தில் ஒரு கை, ஆள்காட்டி விரல் வானத்தைப் பார்த்தபடி. கழுத்து வலிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். 1966-இல் இந்த ஊர் வெள்ளையர் கடைகளைக் கறுப்பர்கள் புறக்கணித்தபோது, "அந்தக் கடைகளுக்கு யாராவது போவதைப் பார்த்தால் கழுத்தை முறித்துவிடுவோம்" என்கிற மாதிரி மேடையிலேயே பேசியவர் சார்ல்ஸ். கடைக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 1982-இல் உச்ச நீதிமன்றம் அது பேச்சுரிமைக்குள் அடங்கும் என்று சொல்லிவிட்டது. அந்தக் கழுத்துப் பேச்சை இன்றைக்கும் அமெரிக்கச் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள்.

இப்படிப் பேசியவர்தான், மேயரானதும் ஊருக்குள் துப்பாக்கி எடுத்துக்கொண்டு திரியக் கூடாது என்று சட்டம் போட்டார். மிசிசிப்பியில்! அவரைக் கொல்லத் துப்பாக்கிகளோடு வந்தவர்கள் அதே வருடம் பிடிபட்டார்கள் என்பதை நினைத்தால் அது கிறுக்குத்தனம் இல்லை.

அப்புறம் அரசியல். ஜனநாயகக் கட்சியின் ராபர்ட் கென்னடிக்காக 1968-இல் ஓடியாடி வேலை செய்தவர், 1980-இல் எதிர்முகாமான குடியரசுக் கட்சியின் ரேகனை ஆதரித்தார். 1971-இல் ஆளுநர் தேர்தலில் சுயேச்சையாக நின்று தோற்றார். ஜெயித்த பில் வாலர், தம்பியைக் கொன்றவனுக்குத் தண்டனை வாங்கித்தர 1964-இல் இரண்டு முறை முயன்ற அரசு வழக்கறிஞர். 1978-இல் செனட்டுக்குச் சுயேச்சையாக நின்று ஓட்டைப் பிரித்தார், குடியரசுக் கட்சிக்காரர் ஜெயித்தார். ஏறக்குறைய பத்து வருடம் கழித்து இவரும் அதே கட்சியில் சேர்ந்தார். 2016-இல் ட்ரம்புக்கு ஆதரவு. அவரால் கோபப்படாத கட்சி எதுவும் இல்லை. எனக்கும் பல இடங்களில் அவரைப் பிடிக்கவில்லை, ஆனால் சலிப்பு மட்டும் தட்டவே இல்லை.

சாயங்காலம் ஜாக்சனில் மெட்கரின் வீட்டுக்குப் போனேன். தெருவைப் பார்த்து வாசற்கதவு இல்லாத சின்ன வீடு. கார் நிறுத்துமிடத்து வழியாகத்தான் உள்ளே நுழைய வேண்டும், பாதுகாப்புக்காக. அந்த இடத்தில்தான் விழுந்திருக்கிறார். அங்கே எனக்குப் படம் எடுக்கத் தோன்றவில்லை.

காருக்குத் திரும்பி ரேடியோவில் 90.1 வைத்தேன். சார்ல்ஸ் பல வருடம் நடத்திய நிலையம், 2020-இல் 97 வயதில் அவர் போய்விட்டார். யாரோ ஒருவர் கிதாரோடு புலம்பிக்கொண்டிருந்தார். பாட்டு முடியட்டும் என்று இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.