1915 என்று வந்த ஒரு ஃபோர்டு டி: அடையாளம் கண்டதும் அசல் பாகங்களைச் சேர்த்ததும்

1908 அக்டோபர் முதல் 1927 மே வரை ஒன்றரைக் கோடி எண்ணிக்கையில் உருவான ஃபோர்டு டி மாடல் காரின் வயதைக் கண்டுபிடிப்பது எளிது என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால் அந்த மாடலில் ஆண்டுதோறும், சில சமயம் ஆண்டின் நடுவிலேயே, சிறு மாற்றங்கள் செய்துகொண்டே இருந்தார்கள். ஓர் ஆண்டின் பாகம் இன்னோர் ஆண்டின் வண்டியில் பெரும்பாலும் தகராறு இல்லாமல் பொருந்தியும் விடும். ஆகவே நூறு ஆண்டு கைமாறி வந்த ஒரு டி மாடல், பல வண்டிகளின் கலவையாக இருப்பதே இயல்பு.

கோவையில் நான் வாங்கிய நான்கு கதவுத் திறந்த வண்டி 1915ஆம் ஆண்டினது என்று சொல்லித்தான் விற்கப்பட்டது. அந்தக் கூற்றுக்கு ஆதாரம் முகப்பில் மின்னிய பித்தளை ரேடியேட்டர் ஒன்றே. பித்தளை ரேடியேட்டர் 1916 வரை வந்தது உண்மைதான். 1917 மாடலில் அது போய்க் கறுப்புத் தகர உறை வந்தது, அதோடு தட்டையான மட்கார்டுகளும் வளைந்த மட்கார்டுகளாக மாறின. என் வண்டியில் ரேடியேட்டர் பித்தளை, மட்கார்டோ வளைந்தது. பானெட்டின் முன் விளிம்பைப் பார்த்தபோது, அதை யாரோ வெட்டி, தட்டி, ரேடியேட்டருக்கு ஏற்ப இழுத்துவிட்டிருந்த தடம் வண்ணப்பூச்சுக்கு அடியில் தெளிவாகத் தெரிந்தது. பித்தளை என்றால் பழமை, பழமை என்றால் விலை என்ற கணக்கில் செய்யப்படும் இந்த அலங்காரத்தை நான் புதுப்பித்தல் என்று ஏற்பதில்லை.

அடுத்துப் பார்க்க வேண்டியது இன்ஜின் எண். இடப்பக்கம், தண்ணீர் உள்ளே நுழையும் குழாய்க்கு மேலே, பிளாக்கில் பதித்திருப்பார்கள். துருவைக் கம்பி பிரஷால் தேய்க்காமல், மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துணியால் துடைத்தபோது எண்ணுக்கு முன்னால் ‘சி’ என்ற ஆங்கில எழுத்து எழுந்து வந்தது. அது கனடாவில் செய்த இன்ஜின் என்பதன் குறி. பிரிட்டனின் ஆட்சியில் இருந்த நாடுகளுக்கு, பிரிட்டன் நீங்கலாக, ஃபோர்டு கார்கள் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத் தொழிற்சாலையிலிருந்துதான் வந்தன; பின்னர் 1926இல் இந்தியாவில் தொடங்கிய ஃபோர்டு நிறுவனமும் கனடா நிறுவனத்தின் கிளையே. பிளாக்கின் பக்கவாட்டில், வார்த்த நாள் மாதம், நாள், ஆண்டு என்ற வரிசையில் புடைப்பாக நின்றது; அதன் கடைசி இலக்கங்கள் 21, அதாவது 1921. இன்ஜின் எண்ணே அந்நாளில் வண்டியின் எண்ணும் ஆகும். பழைய ஆர்.சி. புத்தகத்தில் இன்ஜினுக்கும் சேசிஸுக்கும் ஒரே எண் எழுதியிருந்ததன் காரணம் அதுதான்.

இருந்தாலும் இன்ஜின் மாற்றப்படாத டி மாடல் அரிது என்பதால், பாடியும் அதே கதையைச் சொல்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் செய்த டூரிங் வண்டியில், அதாவது என்னுடையது போன்ற திறந்த வண்டியில், நெடுங்காலம் ஓட்டுநர் பக்கத்து முன்கதவு திறக்காது. தகரத்தில் கதவு போல வரி மட்டும் அழுத்தியிருப்பார்கள். கனடாவில் இடப்பக்க ஸ்டீயரிங், வலப்பக்க ஸ்டீயரிங் இரண்டுக்கும் ஒரே பாடியைப் பயன்படுத்தியதால் முன்கதவு இரண்டும் திறக்கும். என் வண்டியில் இரண்டும் திறந்தன. அதைவிட உறுதியான சாட்சி, சீட்டுக்கு அடியில் மரச்சட்டத்தில் கிடைத்தது: தலையில் சதுரக் குழி கொண்ட திருகாணிகள். ஒன்டாரியோவின் மில்டன் ஊரில் பி. எல். ராபர்ட்சன் என்பவர் 1909இல் காப்புரிமை பெற்று உற்பத்தி செய்த அந்தத் திருகாணியை, கனடா டி மாடலின் பாடியில் நூற்றுக்கணக்கில் இறக்கியிருந்தார்கள். வலப்பக்க அடிச்சட்டம் மட்டும் தேக்கு. அதில் சாதாரண ஒற்றைக் கோட்டுத் திருகாணிகள். எப்போதோ நம்மூர்த் தச்சர் ஒருவர் உளுத்துப்போன சட்டத்தை மாற்றியிருக்கிறார். இழைப்பு அத்தனை நேர்த்தி. அந்தத் தேக்குச் சட்டத்தை நான் எடுக்கவில்லை. அது தொழிற்சாலையின் அசல் இல்லாவிட்டாலும் இந்த வண்டியின் வரலாறு.

அடையாளம் தெளிவான பிறகுதான் பாகங்கள் தேடத் தொடங்கினேன். டி மாடலுக்கு அமெரிக்காவில் இன்றும் புதிய பாகங்கள் செய்து விற்கிறார்கள், ஆகவே கிடைக்காத பொருள் என்று ஏறக்குறைய எதுவும் இல்லை. என் வண்டிக்கு உரியது எது என்பதே கேள்வி. கறுப்பு உறையுள்ள ரேடியேட்டர், ‘மேட் இன் கனடா’ என்று பொறித்த சக்கர மூடிகள் ஆகியவற்றைப் பழையதாகவே தேடி வாங்கினேன். ஹோலி, கிங்ஸ்டன் என இரு வகைக் கார்புரேட்டர்களும் அக்கால ஃபோர்டுகளில் வந்தவை. எனக்குக் கிடைத்தது ஹோலி. அது போய் உட்கார வேண்டிய இடத்தில் ஒரு ஜீப் கார்புரேட்டர் இருந்தது. இன்ஜினுக்குப் பொறி தரும் காயில் பெட்டியைக் கழற்றிவிட்டு, அதற்குப் பதிலாக டிஸ்ட்ரிபியூட்டரும் மாட்டியிருந்தார்கள். ஓடத்தான் ஓடும், ஆனால் டி மாடலின் உயிர், இன்ஜினோடு சுழன்று பொறிக்கான மின்சாரம் தரும் அதன் மேக்னெட்டோவில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

ஃப்ளைவீலில் 16 காந்தங்கள், அவற்றுக்கு எதிரே அசையாத தட்டில் 16 சுருள்கள். வீல் சுழலும்போது பிறக்கும் மாறுமின்சாரம், சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு மரப்பெட்டிக் காயில்களுக்குப் போகிறது. ஒவ்வொரு காயிலின் தலையிலும் அதிரும் தகடு ஒன்று உண்டு. அது துடிக்கத் தொடங்கும் நேரம் நான்கிலும் ஒன்றாக இல்லாவிட்டால் இன்ஜின் தள்ளாடும். பழைய காயில்களுக்குள் தாரில் புதைந்திருக்கும் காகிதக் கண்டென்சர் இத்தனை ஆண்டில் கசியாமல் இருக்காது. தாரைச் சுரண்டி, 0.47 மைக்ரோஃபாரட் அளவுள்ள இக்காலக் கண்டென்சரை வைத்து, அதே தாரால் மூடினேன். பிறகு கையால் சுற்றும் சோதனைக் கருவியில் மாட்டி, ஒவ்வொன்றும் 1.3 ஆம்பியரில், மின்சாரத்தின் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரே பொறி விடும்படி தகட்டின் இழுவையைச் சரிசெய்தேன். இந்தக் கட்டம் பொறுமை கேட்கும்; கழற்றி மாட்டிய வேலைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

இன்ஜின் பேரிங்குகள், ஒயிட் மெட்டல் என்னும் மென்மையான கலப்பு உலோகத்தின் வார்ப்பு. பழைய ஆயில் இன்ஜின்களுக்கு அந்த வார்ப்பு செய்து பழகிய கைகள் கோவையில் இன்னும் இருப்பதால், உலோகத்தை உருக்கி ஊற்றி லேத்தில் கடையும் வேலை உள்ளூரிலேயே முடிந்தது.

ஓர் இடத்தில் மட்டும் அசலைத் தெரிந்தே விட்டேன். பின் ஆக்சிலில், இரு சக்கரங்களுக்கும் இழுவையைப் பகிரும் டிஃபரன்ஷியலின் இரு புறமும் ஒயிட் மெட்டல் வாஷர்கள் உண்டு. வயதானால் அவை வெடித்துப் பொடியாகும். பொடியானால் டிஃபரன்ஷியல் ஒரு பக்கம் நகர்ந்து, அதிலுள்ள கிரவுன் வீல் என்னும் பெரிய பல்சக்கரம், அதைச் சுற்றும் சிறு பல்சக்கரமான பினியனை விட்டு விலகும். டி மாடலின் கால் பிரேக் சக்கரத்தில் பிடிப்பதில்லை, கியர் பெட்டிக்குள் இருக்கும் டிரம்மைத்தான் பிடிக்கிறது என்பதால், பல் விலகிய கணத்தில் வண்டிக்குக் கால் பிரேக்கே இல்லை. மிச்சம் பின்சக்கரத்தில் உள்ள சின்னக் கை பிரேக் மட்டுமே. என் வண்டியில் ஒரு வாஷர் முக்கால்வாசி கரைந்திருந்தது. இரண்டு பக்கமும் வெண்கல வாஷர் போட்டேன். வெளியே தெரியாத, உயிரைக் காக்கிற இந்த மாற்றத்தைக் குறை சொல்லும் அசல்வாதியோடு எனக்கு வாதம் இல்லை, அவர் வண்டியில் ஏறாமல் இருந்துகொள்வேன்.

வண்ணத்தைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கவில்லை: 1914 முதல் 1925 வரை டி மாடலுக்குக் கறுப்பு ஒன்றே நிறம். கண்ணாடி போல மினுக்கும் இன்றைய மேல்பூச்சைத் தவிர்த்து, சாதாரணக் கறுப்பு எனாமல் மட்டும் அடிக்கச் சொன்னேன். சக்கர ஆரக்கால்களுக்கு, மாட்டுவண்டிச் சக்கரம் செய்பவர் ஒருவர் கருவேலமரத்தைப் பரிந்துரைத்தார். வலுவில் அதைக் குறை சொல்ல முடியாது, ஆனால் உரிய மரம் ஹிக்கரி என்பதால் அதையே வரவழைத்தேன்.

2021 ஜூலையில் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 ஆண்டுக்கு மேற்பட்ட, சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டியை ‘விஏ’ வரிசையில் பழம்பெரும் வாகனமாகப் பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், பதிவு 10 ஆண்டு செல்லும். இன்ஜின் எண், வார்ப்பு நாள், திருகாணிகள் ஆகியவற்றின் படங்களை விண்ணப்பத்தோடு வைக்கத் தனியே எடுத்திருக்கிறேன். வண்டி இப்போது பேட்டரியில் கிராங்க் சுற்றிக் கிளம்பி, சாவியைத் திருப்பியதும் மேக்னெட்டோவில் சீராக ஓடுகிறது. மேல் கூரையின் மரவளைவுகள் வந்து சேர்ந்துவிட்டன. கித்தான் தைக்க, குஷன் கடைக்காரருக்குக் காட்டும் காகித அளவுகளை வெட்டிக்கொண்டிருக்கிறேன்.